முதல் இருபது அடி

வீடு தேடிப் போய் கார் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களெல்லாம், என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இந்த ஆள் இனிமேல் போட்டிக்கு வரமாட்டான் என்று உறுதியான பிறகுதான் ஒருவரிடம் இப்படிக் கேட்பார்கள். பரவாயில்லை, மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான் வேலையை விட்டது வயதால் இல்லை. ஐம்பத்து நான்கெல்லாம் ஒரு வயதா? வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரியின் மூன்று கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் யார் யார் வீட்டு வாசலிலோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முதுகு போய்விட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ரெண்டு டிஸ்க் தேஞ்சிருக்கு" என்றார். "ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பிரேக் பேட் மாற்றுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், கையில் அழுக்குப் படாமல், பின்னணி இசையோடு செய்து காட்டுகிறார்கள். அந்த வீடியோக்களில் துருப்பிடித்த போல்ட் கிடையாது, நாய் கிடையாது, பக்கத்தில் நின்று யோசனை சொல்லும் பெரியப்பா கிடையாது. நான் சொல்ல வந்தது, பேட் மாற்றி முடித்த பிறகு வரும் ஐந்து நிமிடத்தைப் பற்றி.

கதைக்குத் தேவை என்பதால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கும். புது பேட் தடிமனானது. பிஸ்டனை உள்ளே அழுத்தித் தள்ளினால்தான் அதை மாட்ட முடியும். அப்படித் தள்ளும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிடும். மாட்டி முடித்ததும் பிரேக் பெடலை மூன்று நான்கு முறை மிதித்தால் பிஸ்டன் திரும்பவும் முன்னே வந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துவிடும், பெடல் கெட்டியாகிவிடும். மிதிக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மிதி தரை வரை போகும். வண்டி நிற்காது. அவ்வளவுதான். முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். எனக்கு இருபத்து மூன்று வருடமாகத் தெரியும்.

நான் தொழில் கற்ற பட்டறை முதலாளி, எந்த வண்டியையும் வேலை முடிந்ததும் நேராகச் சொந்தக்காரரிடம் கொடுக்க மாட்டார். அவரே ஏறி உட்கார்ந்து இருபது அடி ஓட்டி நிறுத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ஏன் என்று கேட்டேன். "செவுத்துல மோதறதா இருந்தா நம்மளே மோதிக்கலாம்டா, அவங்களுக்கு எதுக்கு அந்த வேல" என்றார். என் வாழ்க்கையில் கேட்ட பொறுப்புணர்வு பற்றிய சொற்பொழிவுகளில் மிகச் சிறியதும், எனக்குப் புரிந்ததும் அது ஒன்றுதான். அதன்பின் நான் தனியாகப் போன எல்லா வீட்டிலும் முதல் இருபது அடி என்னுடையதாகவே இருந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பிஸ்டனைத் தள்ளிய பிறகு பெடலை மிதித்துக் கெட்டியாக்கும் வேலையை நான் தனியாகச் செய்ததே இல்லை. அந்த இருபது அடிக்காக சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக நான்கு முறை மிதித்துவிடும். அதாவது அந்தப் பாடம் என் காலுக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த இடம், கரிக்கலாம்பாக்கம்.

அது நெல் வயலில் மண் கொட்டி, கல் நட்டு, மனை போட்ட ஒரு நகர். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை எடுத்துப் போங்கள். மேலே செம்மண் கெட்டியாகத்தான் தெரியும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், கீழே இருப்பதற்கு, தான் ஒரு வயல் என்பது ஞாபகம் வந்துவிடும். கார் மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். முன்பொரு முறை இதை முக்கால் மணி நேரம் செலவழித்து ஆராய்ந்து அறிந்தேன்.

மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க, அங்கே எல்லா வீடும் தெருவைவிட மூன்றடி உயரம். நான் போன வீட்டிலும் கார் நிறுத்தும் இடத்திலிருந்து தெருவுக்கு இறங்க ஒரு சிமென்ட் சரிவு இருந்தது. சரிவுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், யாரோ வீடு கட்டுவதற்காகக் கொட்டிய எம் சாண்ட் குவியல்.

என்னைக் கூப்பிட்டவர் ஜெயந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மாத்திரைக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. அன்று வெள்ளிக்கிழமை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர்; காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. கம்பெனி வேன் வில்லியனூரோடு திரும்பிவிடும். ஆகவே ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் இருந்த ஒரே ஆட்சேபம், பெண் தனியாகக் காரை எடுத்துப் போவதாவது என்பது. அது வெளியே சொல்ல முடியாத ஆட்சேபம் என்பதால், வண்டியின் ஆரோக்கியத்தைப் பற்றி எல்லோரும் ரொம்பக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைமைக் கவலை, கணவரின் அண்ணன் சேகர். நெல்லும் கரும்பும் பயிர் வைப்பவர், சொந்த டிராக்டர். அந்தப் பக்கத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவர் ஒரு சுற்று சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காரை ஓட்டி வந்தவரும் அவர்தான். பிரேக் கீச்சிடுகிறது என்று கண்டுபிடித்தவரும், பேட் மாற்றாமல் ஜெயந்தி வண்டியைத் தொடக்கூடாது என்றவரும் அவர்தான். அவர் சொன்னது சரி என்பதையும் எழுதிவிட வேண்டும். நான் கழற்றிய பேட்டுகள் அப்பளத்துக்குப் போட்டியாக இருந்தன.

"மெக்கானிக்கு, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எலுமிச்சம்பழம் ஏத்தணும், பாத்துக்க" என்றார் சேகர்.

"பத்து மணிக்கெல்லாம் முடிச்சிடுவன்."

"பத்துன்னா ஊரு பத்தா, மெக்கானிக்கு பத்தா?"

மெக்கானிக் பத்தாகத்தான் ஆயிற்று. வலது பக்கம் ஒரு போல்ட் துருப்பிடித்து, அரை மணி நேரம் என்னோடு பேச மறுத்தது. அந்த அரை மணியும் சேகர் என் தலைக்கு மேல் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தார். பத்து அஞ்சு. பத்து பத்து. பழைய வண்டிக்கு அதுதான் முதல் பூஜை என்பதால் ஏற்பாடு பலமாக இருந்தது. ஜெயந்தியின் மாமியார் தட்டில் நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு பூசணிக்காய் எல்லாம் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனையும் பிடித்திருந்தார். போனில் மஸ்கட்டிலிருந்து ஜெயந்தியின் கணவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.

"எம்மா, போனைத் திருப்பிப் புடி. எனுக்கு உன் காதுதான் தெரியுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பத்து இருபதுக்குச் சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் போனேன். அதற்குள் நான்கு டயருக்கும் முன்னால் நான்கு பழம் வந்துவிட்டது.

"எங்க ஏர்ற?" என்றார் சேகர்.

"ஒரு தபா இருபது அடி எடுத்துப் பாத்துட்டுக் குடுக்கறன்."

"பழம் வெச்சாச்சுபா. நீ ஏத்தி நசுக்கிட்டா அப்புறம் அவ இன்னாத்த ஏத்தறது?"

"வூட்டுக்காரங்கதான் தம்பி மொதல்ல எடுக்கணும்" என்றார் மாமியார், மிகவும் மரியாதையாக.

ஜெயந்தி தலையில் பூவும் கையில் சாவியுமாக நின்றிருந்தார். பத்து இருபத்தி நாலு என்று சேகர் சொன்னார். நான் ஒதுங்கி வழி விட்டேன். அந்த நேரத்தில் நான் விட்டுக்கொடுத்தது இருபது அடி மட்டும்தான் என்று நினைத்தேன். அதற்குள் நான்கு மிதி இருந்தது என் நினைவிலேயே இல்லை. கால் ஏறி உட்காரவில்லை. ஆகவே கால் யோசிக்கவில்லை.

ஜெயந்தி வண்டியைக் கிளப்பினார். நான் காருக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமியார் பக்கத்தில் போனோடு நின்றார். சேகர் பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சரிவு முடியும் இடத்தில், தெரு ஓரமாக, காரைப் பார்த்தபடி நின்றார். பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. முன்சக்கரம் சரிவில் இறங்கியது. பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தது, வண்டியின் வேகம் குறையவில்லை.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. வண்டி லேசாகத் தயங்கிவிட்டுத் தொடர்ந்து இறங்கியது. சேகர் தன் வயதுக்கும் உடம்புக்கும் பொருந்தாத ஒரு தாவு தாவி, பக்கத்து வாய்க்காலில் இறங்கினார். மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது கார் நின்றது. தெருவைத் தாண்டி, முன்பக்கம் மணலில் ஓர் அடி புதைந்த பிறகு.

எல்லாம் சேர்த்து நான்கு விநாடி இருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேகர் முழங்கால் வரை சேற்றோடு எழுந்து வந்தார். பூசணிக்காயை மார்போடு அணைத்திருந்தார். கற்பூரம் மட்டும் எங்கோ போய்விட்டது.

"இன்னாச்சு? எனுக்கு வானந்தான் தெரியுது! யாராவது சொல்லுங்களேன்!" என்றது மஸ்கட்.

சேகர் நேராகப் போய் ஜெயந்தியை இறங்கச் சொல்லிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"கல்லு மாதிரி இருக்குது பிரேக்கு" என்றார். "இந்தப் பொண்ணு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்குது."

"இல்ல மாமா. பிரேக்கத்தான் மிதிச்சன்."

"பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கும். நிக்கலன்னா நீ மிதிச்சது பிரேக்கு இல்ல."

தர்க்க சாஸ்திரம் படித்தவர்களுக்குக்கூட இதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். ஓட்டை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லுபா. பிரேக்கு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்ட நேரத்தில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஜெயந்தி பதறிப்போய் மூன்று முறை மிதித்ததில், நான் செய்திருக்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது. என் தப்புக்கு இருந்த தடயத்தை அவர் காலே அழித்துவிட்டது. இனி எந்த ஊர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினாலும், அருமையான பிரேக் என்றுதான் சொல்லுவான். இப்படி ஒரு வசதி எல்லாத் தப்புக்கும் அமையாது. உங்களுக்கு அமைந்தால், அந்த நிமிடத்தில் நீங்கள் யார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

சேகர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமியார் போனை நிமிர்த்திப் பிடித்து, நடந்ததை, அதாவது நடந்ததாகச் சொல்லப்பட்டதை, மகனிடம் சொன்னார். மஸ்கட் மனைவியைக் கூப்பிட்டது.

"ஜெயந்தி, அண்ணன் சும்மா சொல்லாது. ஆறு மணி ஷிஃப்ட் வாணாம்னு எழுதிக் குடுத்துடு. பழைய வேலையிலயே இரு. இன்னா இப்ப?"

ஜெயந்தி கார் கதவில் கைவைத்தபடி நின்று, கீழே பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருட வேலைக்குக் கிடைத்த பதவி, ஒரு மெக்கானிக் நான்கு முறை காலை அழுத்தாததால் போய்க்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? போர்ட்டிகோவுக்குத் திரும்பி வந்து, சாமான்களைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், பதினாலு, பதினேழு. வழக்கமாக அள்ளிப் போடுகிறவன், அன்று அளவு வாரியாக அடுக்கினேன். பெடலை மறந்தது கைப்பிசகு. அதற்கு நான் இன்றைக்கும் பெரிதாக வெட்கப்படவில்லை. அந்த ஸ்பேனர்களை அடுக்கியதற்குத்தான் வெட்கப்படுகிறேன். அது பிசகு இல்லை.

அடுக்கிக்கொண்டே எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் அடிபடவில்லை. வண்டிக்கும் ஒன்றுமில்லை. இருபது அடியை நான் கேட்டேன், அவர்கள்தான் தரவில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டில் பேர் கெட்டால் நாற்பது வீட்டில் கெடும். நாளைக்கு அந்தப் பெண் தனியாகப் பழகிக்கொள்வார். நான் நிறையப் புத்தகம் வாசிக்கிற ஆள்; அதில் இது ஒரு கஷ்டம். நியாயங்கள் நல்ல நடையில் வந்து விழும்.

ஜெயந்தி படியேறி வந்து என் எதிரே நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"மொத தபா மிதிச்சப்ப காலு தரையில போயி இடிச்சிது. ரெண்டாவது தபா பாதியில லேசா புடிச்சிது. மூணாவது தபா கெட்டியா நின்னுச்சி. இப்ப மாமா மிதிச்சா மொத மிதியே கெட்டியா இருக்குது. நடுவுல மாறினது இன்னா?"

நான் பதினேழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்களத் தப்பு சொல்லலண்ணே. எங்க லைன்ல ஒரு மாத்திர ஓரம் ஒடஞ்சி வந்தாகூட எழுதி வெச்சிடுவோம். காரணம் தெரியாம அடுத்தத ஓட்ட மாட்டோம். நான் தப்பா மிதிச்சிருந்தா அதையே எழுதிக்கிறன். ஆனா எனுக்குத் தெரியணும்."

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் "ஒரு மாதிரி சத்தம் வருது" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். என் தப்பை இவ்வளவு துல்லியமாக, மிதி மிதியாக, யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அவர் குரலில் கோபமோ அழுகையோ இருந்திருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் வெறும் தகவல் கேட்டார். தகவல் என்னிடம் இருந்தது.

தெருவுக்கு இறங்கிப் போய் சேகரிடம், "சாவி குடுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டியே."

"நல்லா இல்லாம பண்ணிக் காட்டறன்."

காரை மணலிலிருந்து பின்னால் எடுத்து மேலே ஏற்றினேன். அடுக்கிய சாமான்களை மறுபடி வெளியே எடுத்தேன். பலகை, ஜாக்கி, சக்கரம். இரண்டு பக்கமும் பிஸ்டனை உள்ளே தள்ளி, காலையில் விட்ட இடத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்து மாட்டினேன். போல்ட்டுகள் இந்த முறை ஒத்துழைத்தன. யாரும் மணி சொல்லவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சேகரை சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். அவர் முகம் மாறியது.

"ஐய! காலு உள்ள பூந்துட்டுதுபா!"

"இன்னொரு தபா."

"பாதி புடிக்குது."

"இன்னொரு தபா."

அவர் மிதித்தார். நான்காவது தடவையும் மிதித்தார். பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பேட் மாத்தினதும் இப்படிக் கெட்டியாக்கிக் குடுக்க வேண்டியது என் வேல" என்றேன். "நான் மறந்துட்டன். அந்தப் பொண்ணு சரியாத்தான் மிதிச்சிது. பின்னாடி நின்னு பாத்தன். சேப்பு லைட்டு மூணு தபா எரிஞ்சிது."

சேகர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"பாத்தியா? பாத்துட்டா நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்ன?"

"ஆமா."

"அப்ப இவ்ளோ நேரம் இன்னாபா பண்ணிகினு இருந்த?"

"ஸ்பேனர் அடுக்கிகினு இருந்தன்."

அடுத்த சில நிமிடங்கள் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. உங்களில் சிலர் குடும்பத்தோடு இருப்பீர்கள். சுருக்கமாகச் சொன்னால், என் தொழில், என் பரம்பரை, என்னை நம்பி வண்டி விடும் மக்களின் அறிவு ஆகியவை பற்றிய கருத்துகள். பெரும்பாலும் ஒப்புக்கொள்ளக் கூடியவையே. மாமியார் மட்டும், பூசணிக்காயை முன்னாலேயே உடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று தனியாக ஒரு கட்சியில் நின்றார். மஸ்கட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சற்றுத் தாழ்ந்த குரலில், "அப்ப ஜெயந்தி மேல தப்பு இல்லயா?" என்றது. பிறகு, "அண்ணே, சாவிய அதுங்கிட்டயே குடுத்துடு" என்றது.

சேகர் சாவியை நீட்டினார். நீட்டியபடியே, "ராகுகாலம் ஆரமிச்சி ஒரு மணி நேரம் ஆவுது. மத்தியானமா எடு" என்றார்.

"திங்கக்கெழம ஆறு மணிக்கு ராகுகாலமா எமகண்டமான்னு பாத்துட்டா மாமா லைன ஓட்ட வுடுவாங்க?" என்று சொல்லிவிட்டு ஜெயந்தி சாவியை வாங்கிக்கொண்டார்.

நான் முன்னே வந்து, "மொத இருபது அடி நான் எடுத்துக் காட்டிடறேம்மா" என்றேன். பட்டறை முதலாளியின் பாடத்தை அன்றைக்கு ஒரு முறையாவது நிறைவேற்றிவிடலாம் என்று ஆசை.

"வாணாண்ணே" என்றார் ஜெயந்தி. "நீங்க பின்னாடி போயி நில்லுங்க. லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

பின்னால் போய் நின்றேன். இஞ்சின் கிளம்பியது. வண்டி நகர்வதற்கு முன் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பழம் இல்லாமல், கற்பூரம் இல்லாமல், ராகுகாலத்தில், கார் சரிவில் இறங்கி, தெருவின் விளிம்பில் கோடு போட்ட மாதிரி நின்றது.

"எரியுது" என்று கத்தினேன். அதைக் கேட்க வேண்டிய அவசியம் ஜெயந்திக்கு இருக்கவில்லை. சேகர் இந்த முறை சரிவுக்கு எதிரே நிற்கவில்லை, பக்கவாட்டில் நின்றார். கார் தெருவில் திரும்பிப் போன பிறகுதான் பூசணிக்காயை உடைத்தார், கொஞ்சம் பலமாகவே.

அந்த நகரிலிருந்து எனக்கு அப்புறம் ஏழெட்டு மாதம் யாரும் போன் செய்யவில்லை. கரியமாணிக்கம் கிராமம் வரை செய்தி போயிருந்தது. போகிற வழியில் வளர்ந்து, நான் பிரேக்கே மாட்டாமல் கொடுத்ததாக ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை. உண்மையும் என்னை அதைவிடப் பெரிதாக ஒன்றும் காப்பாற்றிவிடாது.

உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று வேண்டுமானால், இது இருக்கட்டும். அன்றிலிருந்து, எந்த வீட்டிலும் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் சாவியை வாங்கி, ஒரு துணிக் கயிற்றால் பிரேக் பெடலிலேயே கட்டிவிடுவேன். யாருக்குச் சாவி வேண்டுமானாலும், எந்த நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தாலும், ஒருவர் குனிந்து அந்தப் பெடலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். கட்டியவன் நான் என்பதால் அவிழ்ப்பவனும் நானாகவே இருப்பேன். பார்த்தவர்கள் இதை என் குலதெய்வ வழக்கம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். நம் ஊரில் காரணம் சொன்னால் வாதாடுவார்கள். கயிறு கட்டினால் கேட்கமாட்டார்கள்.

இப்போது டாக்டர் என்னைக் காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்தே காலுக்கு வில்லியனூர் ரோட்டில் நடந்து, கூட்டு ரோட்டு டீக்கடையில் உட்காருவேன். காலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் ஜெயந்தியின் கார் அங்கே வந்து நிற்கும். அதே கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். அந்த வண்டிக்கு அதன்பின் பேட் மாற்றியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன், நான் மாற்றவில்லை. இப்போது மிதித்துப் பார்க்க எந்த அவசியமும் இல்லை. ஆனாலும் கிளம்புவதற்கு முன் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து அணையும். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் கார் நகரும்.

போன வாரம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு வண்டியில லைட்டு கோளாறு போல. தெனமும் இப்டித்தான் மினுக்குது. நீதான் மெக்கானிக்காச்சே, சொல்லக் கூடாதா?" என்றார்.

"வண்டியில ஒண்ணுமில்ல" என்றேன். "கோளாறு என்னுது."

இந்த முறை உடனே சொல்லிவிட்டேன்.